லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு ஷாக்கும் ஸ்பிரிங்கும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி ஸ்விஃப்ட்டும் டிசையரும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நல்ல நிலையில் இருப்பது நம் ஊரில் சகஜம். நேரத்துக்கு இன்ஜின் ஆயில் மாற்றுகிறோம், பிரேக் பேட் மாற்றுகிறோம். ஷாக் அப்சார்பரும் (சுருக்கமாக ஷாக்) ஸ்பிரிங்கும் அடங்கிய சஸ்பென்ஷனை மட்டும் ஏதாவது உடைந்தால்தான் எட்டிப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் கேட்பவற்றுக்கு ஸ்விஃப்ட்டை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தொகுப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) என்ற அதே அமைப்புதான் ஐ20, போலோ, எட்டியோஸ் போன்ற வண்டிகளிலும். அவற்றுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

வண்டி 1,20,000 கி.மீ. ஓடிவிட்டது. எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. ஷாக் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டுமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பார்த்தே ஆக வேண்டும். மன்ரோ, கேஒய்பி போன்ற ஷாக் தயாரிப்பாளர்கள் 80,000 கி.மீ. வாக்கில் மாற்றச் சொல்கிறார்கள். ஒரு மைலுக்குச் சராசரியாக 1,750 முறை ஷாக் ஏறி இறங்குகிறது என்பது மன்ரோ தரும் கணக்கு. 80,000 கி.மீ.க்குள் அது எட்டரைக் கோடி முறையைத் தாண்டிவிடும்.

தொந்தரவு தெரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். ஷாக் ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, ஓட்டுபவரின் கையும் உடம்பும் அதற்கேற்பப் பழகிவிடுகின்றன. அதே மாடலில் புது ஷாக் போட்ட வண்டியை ஒரு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும். இல்லையென்றால் பின் சீட்டில் உட்காரும் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஷாக், ஸ்பிரிங் இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

இல்லை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் விழும்போது அமுங்குவதும் அதுதான். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் தானாக நிற்காது, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன் சிறு வால்வுகள் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது, ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறுகிறது.

ஆகவே உயரம் குறைந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், ஆட்டம் அடங்கவில்லை என்றால் ஷாக்கைப் பாருங்கள். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி வீண்செலவு மிச்சம்.

முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது. ஷாக் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். தேய்ந்த ஷாக் பெரும்பாலும் சத்தம் போடாது, வண்டியை ஆட வைக்கும். சத்தம் போடுபவை வேறு பாகங்கள். முதல் சந்தேகம் லிங்க் ராட் மீது: வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பி இது. அதன் இரண்டு முனையிலும் உள்ள பால் ஜாயின்ட் தேய்ந்தால், மெதுவாகச் சின்னச் சின்னக் குழிகளில் போகும்போதே தட்டும். இதன் விலை ஷாக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான். அடுத்து ஸ்டெபிலைசர் பார் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர்), சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ், அதன் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எப்போது, எப்படிச் சத்தம் வருகிறது என்பதை மெக்கானிக்கிடம் சரியாகச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தட்டு என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது போல ‘டொய்ங்’ என்று கேட்டால், மவுன்ட் பேரிங் இறுகிப் போயிருக்கிறது. ஸ்டியரிங்கோடு ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபடும் சத்தம் அது. பெரிய பள்ளத்தில் மட்டும் பலமாக இடித்தால், ஷாக் தளர்ந்து, கடைசி அடியைத் தாங்கும் நுரைத் துண்டான பம்ப் ஸ்டாப்பும் போய், சஸ்பென்ஷன் அடிவரை போய் மோதுகிறது என்று பொருள். அப்போதுதான் ஷாக்கைக் குற்றம் சொல்லலாம்.

ஷாக்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்பி வரும் வண்டிகள் நிறைய. மாற்றுவதற்கு முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, நெம்புகோல் வைத்து ஒவ்வொரு புஷ்ஷையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு மறுக்கும் ஒர்க்‌ஷாப்பை விட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

முதலில் கண். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரட் குழாயின் மேல்பாகத்தில் லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் பயமில்லை. பிஸ்டன் ராடு ஏறி இறங்கும்போது, ஆயில் வழியாமல் தடுக்கும் சீல் என்ற வளையத்தை நனைக்கும் ஆயில் அவ்வளவு வெளியே வருவது இயல்பு. ஆனால் ஆயில் பாதிக் குழாய் வரை வழிந்து, அதன் மேல் புழுதி அப்பி, கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்தால் சீல் போய்விட்டது. ஒரு துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மறுபடி ஈரம் என்றால் முடிவு தெளிவு.

டஸ்ட் கவரையும் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர் கிழிந்திருந்தால், மண்ணும் மணலும் பளபளப்பான ராடில் ஒட்டி, ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அறுக்கும். ஷாக் சீக்கிரம் போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அடுத்தது கை. டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே சுற்றி வாருங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் ரோட்டில் ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஷாக் தளர்ந்ததற்கு நல்ல சாட்சி இது. வீல் பேலன்சிங் தவறினாலும் இப்படி வரலாம் என்பதால் அதையும் சேர்த்தே பாருங்கள்.

வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். விட்டதும் வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் முற்றிலும் போய்விட்டது. ஆனால் ஆடவில்லை என்பதால் ஷாக் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கையால் அமுக்கும் வேகம் வேறு, 80 கி.மீ. வேகத்தில் ரோடு கொடுக்கும் அடி வேறு. நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பு வரும் இடத்தைக் கவனியுங்கள். அதைத் தாண்டிய பிறகும் வண்டி மிதப்பது போல இருந்தால், வளைவில் ஏதாவது மேடு வந்ததும் பின்பக்கம் நகர்வது போல இருந்தால், பிரேக் பிடித்ததும் மூக்கு அதிகமாக இறங்கினால், இனியும் தள்ளிப் போடக் கூடாது. சக்கரம் தரையை விட்டுத் துள்ளும் நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. நல்ல டயரும் ஏபிஎஸ்ஸும் இருந்தும் பயனில்லை.

ஆயில் லீக் இல்லை. அப்படியென்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. வெளியே ஒரு சொட்டுக்கூட வராமல், உள்ளே வால்வும் பிஸ்டன் வளையமும் தேய்ந்து, ஆயிலும் பழையதாகி, ஷாக் செயலிழக்கலாம். கழற்றிய ஷாக்கை நிமிர்த்தி வைத்துக் கையால் அமுக்கினால் தெரியும். வழி முழுதும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனாலோ ‘கொளக்’ என்று கேட்டாலோ அது போன ஷாக்.

ஷாக் மாற்றும்போது ஸ்பிரிங்கையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஸ்பிரிங்கின் விறைப்பு வயதாவதால் பெரிதாகக் குறைவதில்லை, அது கம்பியின் கனத்தையும் சுருளின் அளவையும் பொறுத்தது. வருடக்கணக்கில் எடை தாங்கி நிரந்தரமாகக் குட்டையாகிப் போவதும், துருப்பிடித்து ஒடிவதும்தான் ஸ்பிரிங்குக்கு வரும் நோய்கள்.

உயரத்தை அளக்க ஒரு டேப் போதும். சமமான தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்று சரியாக வைத்து, சாமான்களை இறக்கிவிட்டு, வீலின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானம் கணக்கைக் குழப்பிவிடும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகவே இறங்கியிருந்தால் ஒப்பிட, அதே மாடலில் அதிகம் ஓடாத வண்டி ஒன்றை அளந்து பாருங்கள்.

டாக்ஸியாக ஓடிய டிசையரிலும், கம்பெனியில் இல்லாமல் வெளிக்கடையில் சிஎன்ஜி சிலிண்டர் பொருத்திய வண்டிகளிலும் பின் ஸ்பிரிங் அமுங்கிப் போவது அதிகம். டிக்கியில் நிரந்தரமாக ஒரு ஆளின் எடை ஏறி உட்கார்ந்திருக்கிறது அல்லவா. பின்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் மேல்நோக்கி அடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். எதிரே வருபவர்கள் அடிக்கடி டிம் அடிக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார்கள் என்றால் பின் ஸ்பிரிங்கையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

துரு விஷயத்தில் கடலோரத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று படும் ஊர்களில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளைக் கட்டாயம் பாருங்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சேறும் தண்ணீரும் தேங்கி, கல் பட்டுப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு அரிக்கும். பிறகு ஒரு நாள் வேகத்தடையில் ‘படார்’ என்று ஒடியும். ஒடிந்த துண்டு டயரைக் கிழித்த சம்பவங்களும் உண்டு. பெயின்ட் போய், துரு பொருக்குப் பொருக்காகக் கழன்று வருகிறது என்றால் உயரம் சரியாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முன்பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றினால்தான் ஸ்பிரிங்கைக் கழற்ற முடியும். ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங்குக்காக அதே கூலியை மறுபடி கொடுப்பதைவிட, சந்தேகம் இருந்தால் சேர்த்தே முடித்துக்கொள்வது நல்லது. பின்பக்கம் ஸ்விஃப்ட்டில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. அங்கே அவசரம் இல்லை.

ஒரு பக்க ஷாக்தான் லீக். அதை மட்டும் மாற்றலாமா?

கூடாது. முன்பக்கம் இரண்டும் ஜோடி, பின்பக்கம் இரண்டும் ஜோடி. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்றால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ வளைவில் ஒதுங்கும்போதோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஸ்பிரிங்குக்கும் இதே விதி. கையில் பணம் குறைவு என்றால் இந்த மாதம் முன் ஜோடி, பிறகு பின் ஜோடி என்று பிரித்துக்கொள்ளலாம்.

கூடவே வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பலர் கோட்டை விடும் இடம் இது. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், ஸ்ட்ரட் மவுன்ட், மவுன்ட் பேரிங், ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்ட்ரட்டைப் பிரித்தால், மஞ்சள் நுரை போன்ற பம்ப் ஸ்டாப் பெரும்பாலும் முழுதாக இருக்காது. விரலால் தொட்டதும் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிடும். அந்த மிச்சத்தையே புது ஷாக்கில் மாட்டினால், முதல் பெரிய பள்ளத்திலேயே அடி நேராக ஷாக்கின் உள்பாகத்தில் இறங்கும். கிழிந்த டஸ்ட் கவரை மறுபடி போட்டால் புது சீலும் மண்ணுக்கு இரை.

பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். நெறுநெறுவென்றால் தூக்கிப் போடுங்கள். சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் அதைச் சோதித்துக்கொண்டிருக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். லிங்க் ராடை ஸ்ட்ரட்டிலிருந்து கழற்றத்தான் போகிறார்கள். அதன் நட்டு துருப்பிடித்து அறுக்க வேண்டி வந்தால் புதிது தேவைப்படும், ஒரு ஜோடி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஷாக் வாங்குவது? ரீகண்டிஷன் செய்த ஷாக் போடலாமா?

கம்பெனி ஒரிஜினல், அல்லது பெயர் பெற்ற தயாரிப்பாளரின் ஷாக். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவுக்கு ஓசூரிலேயே ஆலை இருக்கிறது, கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. மன்ரோ, கேஒய்பி ஆகியவையும் நல்லவை. எதை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். அட்டைப்பெட்டி மட்டும் ஒரிஜினல் போல அச்சடித்து உள்ளே டூப்ளிகேட் இருக்கும் சரக்கு சந்தையில் உண்டு.

பாக எண்ணைச் சரிபார்ப்பது ரொம்ப முக்கியம். டீசல் ஸ்விஃப்ட்டின் 1248 சிசி இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடக் கனமானது. அதற்கான முன் ஸ்பிரிங்கும் வேறு. பெட்ரோல் வண்டியின் ஸ்பிரிங்கை டீசலில் மாட்டினால் உட்காரும், ஆனால் மூக்கு தாழ்ந்தே நிற்கும். மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், கடைக்காரர் கையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கலாம். வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

ரீகண்டிஷன் வேண்டாம். மூடி அழுத்தி சீல் செய்த குழாயை அறுத்து, ஆயில் ஊற்றி, மறுபடி வெல்டிங் வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தேய்ந்த வால்வு அப்படியே இருக்கும். கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தெரிவது புது ஆயிலால். உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலு வழிச்சாலையில் போகும் வண்டிக்கு அதை எப்படி நம்புவது?

அமுங்கிய ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்தால் போதாதா?

வண்டி உயரும், உண்மை. ஆனால் ஒரு சுருள் வேலை செய்யாமல் தடுக்கப்பட்டு, மற்ற சுருள்கள் மீது அதிகச் சுமை ஏறுகிறது. ஸ்பிரிங் விறைப்பாகிவிடும், ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கால் அதை அடக்க முடியாது. துருப்பிடித்த ஸ்பிரிங்கில் இது ஆபத்தும்கூட.

நானே வீட்டில் மாற்றலாமா?

பின் ஷாக், பொறுமையும் நல்ல ஜாக்கி ஸ்டாண்டும் இருந்தால் முடியும். பீமுக்கு அடியில் ஜாக்கியால் தாங்கல் கொடுத்து, ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் கழற்றுங்கள். இரண்டு ஷாக்கையும் ஒன்றாகக் கழற்றித் தாங்கல் இல்லாமல் விட்டால் பீம் கீழே தொங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும்.

முன் ஸ்ட்ரட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் 300 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. கழற்றிய ஸ்ட்ரட்டிலும் அது இறுக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் கருவி இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் மேல்தட்டு முகத்தில் வந்து அடிக்கும். கயிறு கட்டியோ கம்பி சுற்றியோ இதைச் செய்பவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புது ஷாக்கை மாட்டும் முன், நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். படுக்க வைத்த நிலையில் கடைக்கு வந்த ஷாக் அது. பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடிக்க யாரையும் விடாதீர்கள். நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும் சீலை அது அறுத்துக்கொண்டே இருக்கும். நடு நட்டை ஏர் கன்னால் சுழற்றுவதும் தவறு, ராடும் சேர்ந்து சுழன்றுவிடும். ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, நிறையப் பேர் விட்டுவிடுவது. ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்துக்கு வந்தபின்தான் கடைசியாக இறுக்க வேண்டும். சஸ்பென்ஷன் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சில மாதங்களில் கிழியும். பின் ஷாக்கின் கீழ் போல்ட்டுக்கும் லோயர் ஆர்ம் போல்ட்டுக்கும் இது பொருந்தும்.

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டிலும் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் கோணம் மாறியே தீரும்.

மாற்றிய பிறகு வண்டி உயரமாகவும் இறுக்கமாகவும் தெரிகிறதே?

புது ஸ்பிரிங் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கி அமரும். அதன் பிறகு அலைன்மென்ட்டை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கம் என்பது வண்டி புதிதாக வந்தபோது இருந்த உணர்வு. ஆனால் எலும்பு வரை அதிர்ந்தால் டயர் காற்றையும் பாக எண்ணையும் சோதியுங்கள்.

வேகத்தடையைப் பழைய வேகத்தில் ஏற்றாதீர்கள். இந்திய சாலைக் கழகத்தின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்றது. நம் தெருக்களில் ஒரு சாண் அகலத்தில் சிமென்ட்டால் எழுப்பி வைத்திருப்பவை அந்தக் கணக்கில் சேராது. அவற்றில் நடக்கும் வேகம்தான் சரி.

எவ்வளவு செலவாகும்? இவ்வளவு ஓடிய வண்டிக்கு இது தேவையா?

விலை ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் மாறும். பாகம் பாகமாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: ஷாக், ஸ்பிரிங், மவுன்ட், சின்ன ரப்பர்கள், கூலி, அலைன்மென்ட். ‘சஸ்பென்ஷன் வேலை’ என்று ஒரே வரியில் வரும் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்ஷூரன்ஸில் தேய்மானத்துக்குப் பணம் கிடைக்காது. விபத்தில் வளைந்த ஸ்ட்ரட்டுக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

தேவையா என்றால், இன்னும் இரண்டு மூன்று வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் நிச்சயம் தேவை. புது டயர் வாங்க நினைத்திருந்தால் முதலில் ஷாக்கை முடித்துவிட்டு டயர் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த டயரும் திட்டுத் திட்டாகத் தேயும். ஆறு மாதத்தில் விற்கப் போகிறீர்களா? அப்போதும் லீக் ஆகும் ஷாக்கையோ துருப்பிடித்த ஸ்பிரிங்கையோ அப்படியே விடாதீர்கள். குறைந்தபட்சம் வாங்குபவரிடம் சொல்லி, விலையில் கழித்துக் கொடுங்கள்.